நீ கேட்டிருக்கும் கம்பளி

சாமி,

இங்கே மழை விட்டுவிட்டது, உன் அம்மாவின் முழங்கால் வலிதான் விடவில்லை. மற்றபடி இருக்கிறோம். உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய நாடகப் பிரதியும் வந்து சேர்ந்தன. தபால்காரர் உறையைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "பையனுக்கு ஏதாச்சும் கோர்ட்டு கேஸுங்களா?" என்று கேட்டார். நாடகம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மெட்ராஸுக்குப் படிக்கப் போன நம் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவன் ஆபீசில் இருக்கிறான், ஒருவன் போலீசில் இருக்கிறான், நீ மட்டும் மேடையில் இருக்கிறாய் என்பது இந்த ஊருக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை பெரிய கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எஸ்டேட்டில் ரைட்டராகக் கணக்கு எழுதியவன் கைக்கு எழுதுவது கஷ்டமில்லை. என்ன எழுதுவது என்பதுதான் கஷ்டம். நீ கேட்டிருப்பது என் கம்பளியை.

பிரதியை முழுவதும் படித்தேன். உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நம் ஜனங்களைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல நாடகத்தைவிட நல்ல வழி இல்லை என்று எழுதியிருக்கிறாய். கல்லூரியில் சேர்ந்த புதிதில், நீ மலையாளி என்று சொன்னதும் பக்கத்துப் பையன் 'உங்களுக்கு ஓணம் எப்போது' என்று கேட்டதை லீவில் வந்து சொல்லிச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பில் பாதி கோபம் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. மலையில் இருப்பதால் மலையாளி, பேசுவது தமிழ், சாமி சேர்வராயன் என்று ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஒரு நாடகத்தில் சொல்லிவிடலாம் என்றால் நல்லதுதான். முதல் இரண்டு காட்சிகளும் நன்றாக வந்திருக்கின்றன. காப்பி பறிக்கும் பெண்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் உன் அம்மா சிரித்தே விட்டாள். மூன்றாவது காட்சிக்கு வந்தபோது அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அந்தக் காட்சியில் அப்பா என்று ஒருவர் வருகிறார். பஞ்சாயத்தில் எழுந்து நிற்கிறார். சேர்வராயன் மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கி, 'என் அண்ணன் ஊட்டுத் தண்ணி இனி என் தொண்டையில இறங்காது, சேர்வராயன் மேல ஆணை' என்கிறார். இந்த இடம்தான் நாடகத்தின் உயிர் என்று உங்கள் டைரக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதைச் சொல்லும்போது போர்த்திக்கொள்ளத்தான் என் கம்பளி வேண்டும் என்கிறாய். கடையில் வாங்கிய கம்பளியில் புகை வாசம் இல்லையாம். நீ எழுதியிருக்கும் ஆணையில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. யார் உனக்குச் சொன்னார்களோ, சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதைச் சொன்னது நான் இல்லை, சாமி. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அது எப்படி என் வாக்கானது என்பதை உன் பெரியப்பாவிடமும் சொன்னதில்லை.

நீ உன் அம்மாவின் இடுப்பில் இருந்த காலம் அது. கீழே சமவெளியில் இருந்து ஒரு வாத்தியாரும் அவரோடு கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் வந்து நம் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். மலை ஜனங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தோம் என்றார்கள். அப்படி வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை. தலையை அளந்து பார்க்க வந்தவர்கள் உண்டு, பாட்டைப் பதிவு செய்ய வந்தவர்கள் உண்டு. இவர்கள் வேறு மாதிரி. கேள்வியே கேட்கவில்லை. "நாங்க உங்களை மாதிரி நடிச்சுக் காட்டறோம். தப்பா இருந்தா நிறுத்தி, இப்படி இல்லைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்" என்றார் வாத்தியார். ஊருக்கே இது பிடித்துவிட்டது. அடுத்தவனைத் தப்பு சொல்லக் கூப்பிட்டால் யார்தான் வரமாட்டார்கள்.

முதல் நாள் மாரியம்மன் கோயில் முன்னால் இருக்கும் மந்தையில் அவர்கள் நடித்ததை இன்றைக்கும் மறக்க முடியாது. ஒரு பையன் கையில் ஈட்டி, தலையில் இறகு, வாயில் ஏதோ ஊளை. அவன்தான் நானாம், உன் பெரியப்பாவாம், நாங்கள் எல்லாருமாம். எல்லாரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் உன் பெரியப்பாதான் எழுந்து, "ஏனுங்க தம்பி, அந்த ஈட்டி எதுக்குங்க? நாங்க சேலத்துக்குப் பஸ்ஸுலதானுங்க போறோம். கண்டக்டரு ஏத்த மாட்டாரு" என்றார். மந்தையே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அவர் நல்ல மனுஷன். மறுநாளிலிருந்து ஆளுக்கொரு வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார். கூடவே இரு, கூடவே வேலை செய், சாயங்காலம் நடித்துக் காட்டு என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்.

என்னோடு வந்தவன் ஒல்லியான பையன். ஆத்தூர்ப் பக்கம் ஊர், அப்பா இல்லை, அம்மா மட்டும். காலையில் எஸ்டேட்டில் நான் ஆட்கள் பேரைக் கூப்பிடும்போது பக்கத்தில் நிற்பான், கூடவே காட்டுக்கு வருவான், நம் வீட்டில் களி சாப்பிடுவான். சில நாள் கழித்து மந்தையில் என்னை நடித்துக் காட்டினான். காதில் பென்சில் சொருகியிருந்தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். யாராவது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே 'சரி சரி' என்றான். உன் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து உன்னைக் கீழே விட்டுவிடப் பார்த்தாள். நான் காலை இழுத்து நடக்கிறேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் நேராக நடக்க முயற்சி செய்து இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். ஆக நாடகத்தால் ஒரு மனுஷனைத் தெரிந்துகொள்ளலாம் என்று நீ சொல்வதை நான் மறுக்கவே மாட்டேன். வேறொருவன் என்னை நடித்தபோதுதான் என் பேச்சை நானே கேட்டேன்.

அந்த வருஷம்தான் எனக்கும் உன் பெரியப்பாவுக்கும் ஊற்றுத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. உன் தாத்தா போன பிறகு காட்டைப் பிரித்தபோது மேல் பாகம் அண்ணனுக்கு வந்தது, ஊற்றும் அதில்தான் இருந்தது. கோடையில் என் காப்பிச் செடிக்கு வாய்க்கால் விடு என்றேன். ஆரஞ்சுக்குப் போக மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றார். ஊர்க்கவுண்டர் முன்னால் பேசித் தீர்த்துக்கொள்வது என்று இருந்தது. அண்ணன் தம்பிக்குள் வருகிற சாதாரணத் தகராறுதான். ஒரு மழை நன்றாகப் பெய்திருந்தால் இரண்டு பேரும் மறந்திருப்போம். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. எஸ்டேட்டுக்குப் போகிற வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போவேன். "அவன் ஊட்டுத் தண்ணியே எனக்கு வேண்டாம் போ" என்று எத்தனை தடவை சொன்னேனோ. பக்கத்தில் வந்த பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தான். கேட்பதுதானே அவன் வேலை.

கடைசி நாள் அவர்கள் பஞ்சாயத்து ஒன்றை நடித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். ஊர்க்கவுண்டர் வேஷத்துக்கு யாரைப் போடுவது என்று வாத்தியார் கேட்டபோது கவுண்டரே, "என்ற வேஷத்தை நானே கட்டிக்கிறேனுங்க, எனக்குத்தான் நல்லா வரும்" என்று சொல்லி அவருடைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார். மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. பையன் மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்து, "அண்ணா, கம்பளி குடுக்கறீங்களா, உங்களை மாதிரியும் இருக்கும், குளிரவும் குளிராது" என்றான். நான் என் கம்பளியைக் கழற்றி என் கையாலேயே அவன் தோளில் போட்டுவிட்டேன். பிள்ளை குளிரில் நிற்கிறானே என்று போட்டதுதான்.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படி. உனக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் நீ வளர்ந்த பிறகு யாரும் அதைச் செய்து நீ பார்த்திருக்க மாட்டாய். நம் ஊரில் ஒருவன் உடம்பு முடியாமல் பஞ்சாயத்துக்கு வரமுடியாவிட்டால், தன் கம்பளியைத் தன் கையால் மகன் தோளிலோ மச்சான் தோளிலோ போட்டு அனுப்புவான். கம்பளி போட்டு அனுப்புவது என்று பேர். அந்தக் கம்பளிக்குள் இருந்துகொண்டு அவன் என்ன சொன்னாலும், அனுப்பியவன் சொன்னதாகவே கணக்கு. பேசியவன் யார் என்ற பேச்சுக்கே அங்கே இடம் கிடையாது. பிள்ளைகள் நம்மிடம் எத்தனையோ தெரிந்துகொண்டார்கள். மருமகள் மாமனார் எதிரில் எப்படி நிற்பாள் என்று தெரிந்துகொண்டார்கள், பங்காளியை யார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். மூச்சு விடுவதைப் பற்றி யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

நடிப்பு ஆரம்பித்தது. அண்ணன் வேஷத்தில் ஒருவன் வாதம் செய்தான். என் வேஷம் கட்டிய பையன் எழுந்தான், காலை இழுத்து நடந்து நடுவில் வந்தான், காதைத் தடவினான், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவன் மலைப்பக்கம் திரும்பினான். நம் ஆட்கள் சத்தியம் செய்யும்போது அப்படித் திரும்புவதை எங்கேயோ பார்த்திருக்கிறான். கையைத் தூக்கினான். நான் வழியெல்லாம் புலம்பியதையும் சேர்வராயன் பேரையும் சேர்த்து, நீ உன் பிரதியில் எழுதியிருக்கிறாயே அதே சொற்களை, என் குரலிலேயே சொன்னான். என் குரலிலேயே, சாமி. சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த உன் பெரியப்பா பையனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

வாத்தியார் கை தட்டினார். பாவம், நடிப்புக்குக் கிடைத்த அமைதி என்று நினைத்துவிட்டார். நான் எழுந்து, "கவுண்டருங்க, இது நாடகமுங்க" என்றேன். கவுண்டர் முகத்தில் வேஷம் கட்டிய சிரிப்பு போயிருந்தது. "நாடகம்னு தெரியுமப்பா. ஆனா கம்பளி நாடகம் இல்லையே. உன்ற கையாலதானே போட்டுவுட்ட, ஊரே பார்த்துது" என்றார். பிறகு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது உன்ற வாக்கா, பையன் வாக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்பதை மெட்ராஸில் இருக்கிற உனக்கு நான் விளக்கத்தான் வேண்டும். என் வாக்கு இல்லை என்றால் அது அந்தப் பையனின் வாக்கு. அவனுக்கு அண்ணனும் இல்லை, ஊற்றும் இல்லை. அப்படியானால் அவன் சேர்வராயன் பேரில் பொய்ச் சத்தியம் செய்தவன். பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்பதுதான் நம் மலையில் எல்லாரும் சொல்வது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இதையெல்லாம் நம்பினேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. பாதி நாள் நம்புவேன், பாதி நாள் நம்பமாட்டேன். ஆனால் அப்போது திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா இடுப்பில் நீ விரலைச் சப்பிக்கொண்டு இருந்தாய். உன் தலையில் வைத்துப் பார்க்கத் துணியாத ஒன்றை, அப்பன் இல்லாத இன்னொருத்தி பிள்ளையின் தலையில் எப்படி வைப்பது? அவனோ நான் அடுத்த வசனம் பேசப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு முகமெல்லாம் வெளிச்சமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ற வாக்குத்தானுங்க" என்றேன்.

உன் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாத்தியார் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, நானும் நல்ல நடிகன் என்றார். பிள்ளைகள் மறுநாள் காலை பஸ்ஸில் போனார்கள். பையன் கம்பளியை மடித்துக் கொடுத்துவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவனுக்கு ஒரு பை ஆரஞ்சு கொடுத்து அனுப்பினேன். என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவன் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கும்.

சத்தியம் தண்ணீருக்கு மட்டும்தானே என்று நினைப்பாய். தண்ணீர் குடிக்காத வீட்டோடு நமக்கு நல்லதும் கிடையாது, கெட்டதும் கிடையாது. உன் அக்காமார் இருவர் கல்யாணத்துக்கு, பெரியப்பா பெண்களைத்தான் சொல்கிறேன், சித்தப்பன் நான் போகவில்லை. உனக்கு முடியெடுத்தபோது மாமன் மடியில் உட்கார்ந்தாய், பெரியப்பா வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் நம் வீடு. அவர் இருமினால் எனக்குக் கேட்கும். அந்த ஊற்றில் இருந்து நான் வாய்க்கால் கேட்கவே இல்லை. அண்ணனே பிறகு யாரிடமோ சொல்லி அனுப்பினாராம், விடுகிறேன் என்று. எப்படி வாங்குவது? உன் அம்மா கீழ்க்கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். அவள் முழங்கால் இன்று வலிக்கிறதென்றால் மழையால் மட்டும் இல்லை. "ஆணை போட்டது நாடகக்காரப் பையன், காப்பாத்துனது நீங்க, குடம் சுமந்தது நானு" என்று ஒருநாள் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ கல்யாணம் செய்துகொள்ளும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள். நீ வாயால் ஏற்றுக்கொள்கிற எதையும் பாதிக்குமேல் சுமப்பவள் உன் பெண்டாட்டியாகத்தான் இருப்பாள். அவளைக் கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்.

உன் பெரியப்பா இப்போது படுத்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டி, சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் குளிர் தாண்டுவாரா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. இருமல் சத்தம் ஓடைக்கு இந்தப் பக்கம் முன்பைவிடக் குறைவாகக் கேட்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் போய்விட்டால் நான் தோள் கொடுக்க முடியாது, சாமி. கூடப் பிறந்தவன் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். இந்த நேரத்தில்தான் நீ அந்த ஆணையை டெல்லிவரைக்கும் ஊர் ஊராகச் சொல்ல என் கம்பளியைக் கேட்டு எழுதியிருக்கிறாய். உன்மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் உன் பேரைச் சொன்னாலே எரிந்து விழுந்தேன். "ஏனுங்க, அவனுக்கு என்ன தெரியும், நீங்க சொன்னாத்தானே தெரியும்" என்றாள் உன் அம்மா. அதுவும் நியாயம்தான்.

நான் கம்பளியை அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். என் கையால் கொடுத்த கம்பளிக்குள் நின்று, நான் பெற்ற மகன், அதே ஆணையை மறுபடியும் சொல்வான். போன தடவை சொன்னவன் வழிப்போக்கன். இந்தத் தடவை சொல்வது என் ரத்தம். ஓடைக்கு அந்தப் பக்கம் உன் அண்ணன்மார் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். டெல்லியில் சொன்னால் சேர்வராயனுக்குக் கேட்காது என்று உங்கள் டைரக்டர் சொல்லலாம். எனக்குக் கேட்கும். அதனால் அனுப்பமாட்டேன் என்று எழுதிவிட்டு, இந்தக் கடிதத்தை இதோடு முடித்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன்.

பிறகு உன் பிரதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது காட்சியின் தலைப்பில், யார் எங்கே நிற்க வேண்டும் என்று நீ எழுதியிருக்கும் இடத்தில், 'கம்பளியைப் போர்த்தியதும் அவன் அப்பாவாகிறான்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். உனக்கு நம் வழக்கம் தெரியாது. தெரியாமலேயே எழுதிவிட்டாய். கம்பளிக்குள் இருந்த நாக்கு என் நாக்கு என்று ஊர் சொன்னது, நானும் ஒத்துக்கொண்டேன். அப்படியென்றால் கம்பளிக்குள் இருக்கும் தொண்டை யாருடைய தொண்டை?

நேரே கவுண்டரிடம் போனேன். பழைய கவுண்டர் இப்போது இல்லை, அவர் மகன்தான். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறானே, அவன். ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை அவன் கால் மட்டும்தான் வெளியில் தெரிந்தது. "அண்ணன் ஊட்டுத் தண்ணி என் தொண்டையில இறங்காதுன்னு ஆணை. சரி. என் கம்பளியை என் கையால என் மகன் மேல போட்டு அனுப்பி, அவன் போய்க் குடிச்சா, குடிச்சது யாரு?" என்று கேட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிறகு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "இறங்குனது தம்பி தொண்டையில. ஆணை உடையல. குடிச்சது நீங்க, கம்பளி உங்குளுது. அப்படியுங்களா மாமா?" என்றான். அப்படித்தான் என்றேன். "இந்த மாதிரி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க. அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரோ, தெரியாதுங்க. இப்ப நான்தானே இருக்கேன். செல்லுமுன்னு நான் சொல்றேன், நானும் வந்து உக்கார்றேன்" என்றான். அந்தப் பையனை நான் பொய்யனாக்கவில்லை. ஆணையையும் நான் தாண்டவில்லை. இதில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று நாளெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இருந்தாலும் இருக்கும். எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

அந்த வீட்டில் என்ன சொல்வார்களோ என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. உன் அம்மா நாகலூர்க் கடையில் உன் பெரியம்மாவைப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள், அந்தக் காலத்தில் பையனுக்காகத்தான் நான் என் வாக்கு என்றேன் என்பதையும் சேர்த்து. இத்தனை வருஷமாக நான் பூட்டி வைத்திருந்ததை, மளிகை சாமான் கட்டுகிற நேரத்துக்குள் சொல்லிவிட்டாள். மறுநாள் பெரியம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று உன் அம்மாவைக் கூப்பிட்டாள். "அவருக்குச் சொன்னேன் கண்ணு. சுவத்தப் பாத்துப் படுத்துட்டாரு. காலைல எந்திரிச்சதும், தண்ணி குடுக்கற சொம்பைப் புளி போட்டுத் தேச்சு வெய்யின்னாரு" என்றாள். நான் வீட்டுக்குள் நின்று கேட்டேன்.

ஆகையால், நாடகம் கிடக்கட்டும், நீ முதலில் கிளம்பி வா. ஒத்திகை இருக்கிறது, டைரக்டர் விடமாட்டார் என்றெல்லாம் எழுதாதே. மெட்ராஸில் ரயில் ஏறினால் காலையில் சேலம், அங்கிருந்து முதல் பஸ். நான் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவேன். கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறோம், புகை வாசம் போகவில்லை, நீ கேட்டபடியேதான் இருக்கிறது. கவுண்டர் முன்னால் என் கையால் உன் தோளில் போடுவேன். நீ ஓடையைத் தாண்டிப் போ. காதில் பென்சில் சொருகிக்கொள், நான் தருகிறேன். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நட. பெரியப்பாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, நடையை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறாராம். நீ எத்தனையோ பேர் வேஷம் கட்டியிருக்கிறாய், இதையும் ஒழுங்காகக் கட்டு. வாயை மட்டும் திறக்காதே. போன தடவை பேசித்தான் கெட்டது. அவர் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் 'சரி சரி' என்று சொல்லாதே, அந்த இடத்தில் மட்டும் என்னை மாதிரி இருக்காதே. முழுவதும் கேட்டுவிட்டு வா. அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எனக்கு வந்து நடித்துக் காட்ட வேண்டும்.

அதற்கப்புறம் மூன்றாவது காட்சியை நீ எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள். கம்பளியையும் கொண்டுபோ, நான் தடுக்கமாட்டேன். அப்போது அதற்குள் நின்று என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று உனக்கே தெரிந்திருக்கும்.

நான் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். பெரியம்மா சொம்பை நீட்டுவாள். அந்த ஊற்றுத் தண்ணீர் பல் கூசுகிற மாதிரி குளிராக இருக்கும், சின்ன வயசில் நானும் அண்ணனும் அதில் வாய் வைத்துக் குடிப்போம். அவசரப்பட்டு ஒரே மடக்கில் குடித்துவிடாதே. மெதுவாகக் குடி, சாமி. எனக்கு நொம்ப நாளாகத் தாகம்.

உன் அப்பா